அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்கள்: உரிமை எதுவரை, கட்டுப்பாடு எதுவரை?

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச்சூடு என்று செய்தி வந்தால், பிள்ளையோ பேரக்குழந்தையோ அங்கே இருக்கும் வீடுகளில் உடனே போன் பறக்கும். எல்லாரும் பத்திரம் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி எழும்: இத்தனை குழந்தைகள் செத்தும் ஏன் இந்தத் துப்பாக்கியை ஒழித்துக்கட்ட மாட்டேன் என்கிறார்கள்?

சுருக்கமான பதில் இது. அடியோடு ஒழிக்க அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் யார் வாங்கலாம், எப்படி வாங்கலாம், எங்கே கொண்டுபோகலாம், வீட்டில் எப்படி வைக்க வேண்டும் என்று விதி போட அதே சட்டத்தில் இடம் உண்டு. மேடைகளில் 'உரிமையா, தடையா' என்று நடக்கும் சண்டையில் இந்த விதிகள் காணாமல் போய்விடுகின்றன. உயிர்களைக் காப்பாற்றக்கூடியவை இந்த விதிகள்தான் என்பதால், அவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டாவது திருத்தம் என்ன சொல்கிறது?

1791 டிசம்பரில் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் பத்துத் திருத்தங்கள் சேர்ந்தன. பேச்சுரிமையும் மதச் சுதந்திரமும் முதல் திருத்தம். ஆயுதம் வைத்திருப்பது இரண்டாவது திருத்தம். அது ஒரே வாக்கியம். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிமக்கள் படை தேவை என்கிறது அதன் முன்பாதி. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது பின்பாதி.

அன்றைய 13 மாநிலங்களும் பிரிட்டிஷ் படையோடு போரிட்டு விடுதலை பெற்றவை. மத்தியில் வலுவான அரசும் நிரந்தரப் படையும் வந்தால் நாளை நம்மையே அடக்கிவிடுமோ என்ற அச்சம் அவற்றுக்கு இருந்தது. அதனால் உழவரும் கடைக்காரரும் தத்தம் துப்பாக்கியோடு திரளும் உள்ளூர்ப் படையை நம்பினார்கள். தென் மாநிலங்களில் அடிமைகளைக் கண்காணிக்கும் வேலையும் அந்தப் படைகளுக்கு இருந்தது.

அந்தப் படைகள் இன்று இல்லை. அப்படியானால் அவற்றுக்காகத் தந்த உரிமை எஞ்சியிருக்கிறதா? நெடுங்காலம் நீதிமன்றங்கள் வாக்கியத்தின் முன்பாதிக்கே எடை கொடுத்தன. 1939-இல் மில்லர் வழக்கில், குழாயை நறுக்கிக் குட்டையாக்கிய ஷாட்கன்னுக்கும் குடிமக்கள் படைக்கும் சம்பந்தம் இருப்பதாகக் காட்டவில்லை என்று கூறி, அதற்குப் பாதுகாப்புத் தர உச்ச நீதிமன்றம் மறுத்தது. இது தனிமனித உரிமை என்ற வாதத்தை, குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் நியமித்த தலைமை நீதிபதி வாரன் பர்கரே ஓய்வுக்குப் பிறகு 1991-இல் தொலைக்காட்சியில் மோசடி என்று கண்டித்தார்.

2008-இல் காற்று திசைமாறியது. தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்தது. டிக் ஹெல்லர் என்ற பாதுகாவலர் வேலை நேரத்தில் அரசுக் கட்டடத்தில் துப்பாக்கியோடு நின்றார். வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை, அதற்கு எந்தப் படையிலும் இருக்க வேண்டியதில்லை. 2010-இல் சிகாகோ வழக்கில் இந்த உரிமை மாநிலங்களையும் நகராட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று ஆனது.

ஹெல்லர் தீர்ப்பை எழுதியவர் அந்தோனின் ஸ்காலியா. உரிமைக்காரர்கள் கொண்டாடும் நீதிபதி. அவரே அதே தீர்ப்பில், எந்த உரிமையையும் போல இதற்கும் எல்லை உண்டு என்று எழுதினார். பெருங்குற்றவாளிகளும் கடும் மனநோய் உள்ளவர்களும் வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம், பள்ளியிலும் அரசுக் கட்டடத்திலும் எடுத்துச்செல்லத் தடை, விற்பனைக்கு நிபந்தனை ஆகியவற்றைச் செல்லாதவை என்று இந்தத் தீர்ப்பு சொல்வதாகக் கொள்ளக் கூடாது என்றார். துப்பாக்கிக் கடையில் விதியே இருக்கக் கூடாது என்பவர்களும் சரி, இந்தத் தீர்ப்பால் எல்லாம் போயிற்று என்பவர்களும் சரி, அந்தப் பத்தியை மறுபடி படிப்பது நல்லது.

அடுத்த திருப்பம் 2022 ஜூன். பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்று நியூயார்க்கில் நூறாண்டுக்கு மேலாக ஒரு சட்டம் இருந்தது. புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதை நீக்கியது. கூடவே ஒரு புதிய அளவுகோலையும் வைத்தது: இன்றைய கட்டுப்பாட்டுக்கு ஒப்பான மரபு நாட்டின் வரலாற்றில் உண்டா என்று பார்க்க வேண்டும். அதன்பின் கீழ் நீதிமன்ற நீதிபதிகள் 18-ஆம் நூற்றாண்டுச் சட்டங்களைப் புரட்டத் தொடங்கினார்கள். மனைவியை அடிப்பது பெருங்குற்றமாகவே எண்ணப்படாத காலத்தில், மனைவியை அடிப்பவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் எங்கே இருந்திருக்கும்? இந்தச் சிக்கல் 2024-இல் ரஹீமி வழக்காக உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. பழைய சட்டத்தின் நகல் தேவையில்லை, அதன் அடிப்படைக் கருத்து இருந்தால் போதும் என்று 8-1 என்ற கணக்கில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்று, பிறருக்கு ஆபத்தானவர் என்று உறுதியானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் நிலைத்தது.

ஆகவே இன்றைய நிலை இதுதான்: வீட்டில் வைத்திருக்கவும் வெளியே கொண்டுபோகவும் உரிமை உண்டு. ஆபத்தானவர் என்று நிரூபணமானவரிடமிருந்து எடுக்க அரசுக்கு அதிகாரமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள பெரும்பரப்புக்குத்தான் வழக்குகள் நடக்கின்றன.

சட்டங்கள் எப்படி வந்தன?

மத்தியக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு கொலையோ கொலை முயற்சியோ இருக்கிறது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கியால் தெருவில் சுட்டுக்கொண்ட பிறகு 1934-இல் முதல் பெரிய சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கிக்கும் குட்டை ஷாட்கன்னுக்கும் 200 டாலர் வரி, கட்டாயப் பதிவு. அன்று அது ஒரு துப்பாக்கியின் விலைக்கே ஈடான தொகை.

1963-இல் அதிபர் கென்னடியைக் கொன்ற ரைபிள் தபாலில் வாங்கப்பட்டது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக்கொல்லப்பட்டபின், மாநிலம் தாண்டித் தபாலில் விற்பது தடைசெய்யப்பட்டது. விற்பவர் லைசென்ஸ் பெற வேண்டும், பெருங்குற்றத் தண்டனை பெற்றவர் வாங்கக் கூடாது என்ற விதிகளையும் அதே 1968 சட்டம் இறுக்கியது.

1981-இல் அதிபர் ரீகன் மீது நடந்த தாக்குதலில் அவருடைய ஊடகச் செயலர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டடிபட்டு வாழ்நாள் முழுக்க முடமானார். அவரும் மனைவி சாராவும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலன் 1993-இன் பிரேடி சட்டம். கடையில் வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து வந்தது. 1994-இல் சில வகைச் செமி ஆட்டோமேட்டிக் ஆயுதங்களுக்குப் பத்தாண்டுத் தடை வந்தது. 2004-இல் அது காலாவதியானபோது அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் புதுப்பிக்கவில்லை.

நடுவில் எதிர்த்திசையிலும் சட்டங்கள் வந்தன. 1986 சட்டம், பொதுமக்களுக்குப் புதிய இயந்திரத் துப்பாக்கி விற்பதை நிறுத்தியது. ஆனால் அதே சட்டம், உடைமையாளர்களின் பெயர்களை மத்திய அரசு ஒரே பதிவேட்டில் திரட்டக் கூடாது என்றும் சொன்னது. 2005 சட்டம், தங்கள் பொருளால் நடந்த குற்றத்துக்காகத் தயாரிப்பாளர்கள் மீதும் விற்பனையாளர்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைப் பெருமளவு அடைத்தது.

2012-இல் கனெக்டிகட் மாநிலத்துச் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். இனியாவது சட்டம் வரும் என்று நாடே எதிர்பார்த்தது. பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதா 2013 ஏப்ரலில் செனட்டில் 54 வாக்குப் பெற்றும் தோற்றது. அதற்கு 60 தேவைப்பட்டது. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்ட பிறகுதான், ஏறத்தாழ முப்பதாண்டில் முதல்முறையாக இரு கட்சியும் சேர்ந்து ஒரு குறிப்பிடத்தக்க சட்டம் கொண்டுவந்தன. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் வாங்கும்போது அவருடைய சிறார் பருவக் குற்றப் பதிவுகளையும் பார்க்க அது வழிசெய்தது.

இன்று ஒருவர் எப்படி வாங்குகிறார்?

நம் நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டுமென்றால், அது எதற்குத் தேவை என்று நாம்தான் அதிகாரியிடம் விளக்க வேண்டும். அங்கே பொறுப்பு தலைகீழ்: ஏன் கொடுக்கக் கூடாது என்று அரசு காட்ட வேண்டும்.

லைசென்ஸ் உள்ள கடைக்குப் போனால் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் சோதனை அமைப்பில் விவரத்தைக் கொடுப்பார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். மத்தியச் சட்டப்படி ரைபிளுக்கு 18 வயது, கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது. இந்த 21 வயது வரம்பும் இப்போது நீதிமன்றங்களில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைக் கொன்றவன் இப்படித்தான் துப்பாக்கி பெற்றான். இன்னொன்று, தொழிலாக விற்காத தனிநபர் இன்னொருவருக்கு விற்கும்போது மத்தியச் சட்டம் சோதனையைக் கேட்பதில்லை. ஏறக்குறைய இருபது மாநிலங்கள் தம் சொந்தச் சட்டத்தால் இதை முழுதாகவோ ஓரளவோ அடைத்திருக்கின்றன. மற்றவை திறந்தே இருக்கின்றன.

மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் மிகப் பெரிது. கலிஃபோர்னியாவில் வாங்கிய துப்பாக்கியைக் கையில் பெறப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். டெக்சாஸில் 2021 முதல், தகுதியுள்ள பெரியவர் அனுமதிச் சீட்டே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். இப்படி அனுமதி கேட்காத மாநிலங்கள் 2024-இல் 29 ஆகிவிட்டன. எல்லையில் சோதனைச்சாவடி இல்லாத நாட்டில், கடுமையான சட்டமுள்ள மாநிலத்துக்குள் தளர்ந்த சட்டமுள்ள மாநிலத்துத் துப்பாக்கி காரில் வந்து இறங்குகிறது. சிகாகோவில் இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் இத்தனை கொலை என்று கேட்பவர்கள், பக்கத்து இண்டியானா எவ்வளவு அருகில் இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

உரிமை கேட்பவர்கள் சொல்வது என்ன?

துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லாரும் வெறியர் என்று நினைத்தால் இந்த விவாதம் புரியவே புரியாது. 2023-இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதம் பேர் சொன்ன முக்கியக் காரணம் பாதுகாப்பு.

கிராமப்புறத்தில் போலீஸ் வர அரைமணி ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொலராடோவில் நீதிமன்றத் தடையுத்தரவை மீறித் தந்தை மூன்று மகள்களைத் தூக்கிப்போனான். தாய் பலமுறை முறையிட்டும் போலீஸ் அசையவில்லை. மூவரும் கொல்லப்பட்டார்கள். உத்தரவை அமல்படுத்தும்படி போலீஸைக் கேட்க அந்தத் தாய்க்கு அரசமைப்பு உரிமை இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யுவால்டேயில் 370-க்கும் மேற்பட்ட காவலர்கள் திரண்டும், சுட்டவனை வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று. இதையெல்லாம் பார்த்த ஒருவர், என் குடும்பத்தை நானே காக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

கறுப்பின மக்களின் வரலாறும் இந்தப் பக்கத்தில் நிற்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்கள் விடுதலையடைந்த அடிமைகளின் துப்பாக்கிகளைச் சட்டம் போட்டுப் பறித்தன. 1956-இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. 1967-இல் ஓக்லாந்தில் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின அமைப்பினர் துப்பாக்கியோடு போலீஸைக் கண்காணித்தபோது, பொது இடத்தில் குண்டு நிரப்பிய ஆயுதம் ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய கலிஃபோர்னிய ஆளுநர் ரீகன். கட்டுப்பாடு யார்மீது பாயும் என்பதை ஆட்சியில் இருப்பவர் முடிவுசெய்கிறார் என்ற அச்சத்துக்கு இந்த வரலாறு சாட்சி. சிகாகோ வழக்கைத் தொடுத்த ஓட்டிஸ் மெக்டொனால்டும், தன் வீட்டில் திருட்டுக்கு ஆளான எழுபது வயது தாண்டிய கறுப்பினத்தவர்தான்.

கட்டுப்பாடு கேட்பவர்கள் சொல்வது என்ன?

ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பின் 2018 மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் 39 கோடிக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் உள்ளன. 100 பேருக்கு 120. சண்டை, போதை, மனக்கசப்பு, மனநோய் எல்லா நாட்டிலும் உண்டு. இவ்வளவு எளிதாகக் கைக்கெட்டும் துப்பாக்கி வேறெந்த வளர்ந்த நாட்டிலும் இல்லை. அடிதடியில் முடிய வேண்டியது அங்கே சாவில் முடிகிறது என்பது இவர்கள் வாதத்தின் மையம்.

ஆஸ்திரேலியாவையும் காட்டுகிறார்கள். 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட இரண்டு வாரத்துக்குள், வலதுசாரிப் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஒரே சட்டத்துக்கு இணங்கவைத்தார். ஆறரை லட்சம் அளவிலான துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. நியூசிலாந்து 2019-இல் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு ஒரே மாதத்துக்குள் சட்டத்தை மாற்றியது. ஆனால் அந்த நாடுகளின் அரசமைப்பில் ஆயுத உரிமை இல்லை. 39 கோடித் துப்பாக்கிகளும் இல்லை. அமெரிக்கா அந்த வழியை அப்படியே பின்பற்ற முடியாது என்பதைக் கட்டுப்பாட்டுத் தரப்பிலேயே பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

யார் சாகிறார்கள்?

2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். இவர்களில் 27,300 பேர் தற்கொலையால் இறந்தவர்கள். கொலையுண்டவர்கள் 17,927 பேர். அதாவது பத்தில் ஏறக்குறைய ஆறு சாவு, ஒருவர் தனக்குத்தானே இழைத்துக்கொண்டது. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் கூட்டுப் படுகொலைகள், எப்படிக் கணக்கிட்டாலும், இந்த மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. மேடையில் பெரிதும் பேசப்படும் ஏஆர்-15 உள்ளிட்ட எல்லா ரைபிள்களும் சேர்ந்தே கொலைகளில் சிறு பங்குதான். பெரும்பாலான கொலைகள் கைத்துப்பாக்கியால் நடக்கின்றன. அவற்றில் இளம் கறுப்பின ஆண்கள் சாவது, மக்கள்தொகையில் அவர்கள் பங்கைப் பார்த்தால், மிக மிக அதிகம்.

2020 முதல், 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களின் இறப்புக் காரணங்களில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்துவிட்டது. கார் விபத்தையும் புற்றுநோயையும் அது தாண்டியது.

தற்கொலை எண்ணம் பலருக்கு ஒரு சில மணிநேர நெருக்கடியில் உச்சம் தொட்டுத் தணிவது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. துப்பாக்கி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், மீண்டு வர அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே அந்த நேரத்தில் துப்பாக்கி பூட்டிக்கிடக்கிறதா, மேசை இழுப்பறையில் கிடக்கிறதா என்பது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம்.

எல்லாக் கேள்விக்கும் இப்படித் தெளிவான விடை இல்லை. துப்பாக்கியால் தற்காத்துக்கொண்டவர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு கணக்கெடுப்பு முறை சில பத்தாயிரம் என்கிறது. இன்னொன்று 25 லட்சம் என்கிறது. ஆராய்ச்சியே பல ஆண்டு முடங்கிக்கிடந்தது இதற்கு ஒரு காரணம். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணத்தைச் செலவிடக் கூடாது என்று 1996-இல் காங்கிரஸ் சொன்னது. பயந்துபோன அம்மையம் இந்தத் துறையை ஏறக்குறையக் கைவிட்டது. அந்த விதியைக் கொண்டுவந்த ஜே டிக்கி என்ற காங்கிரஸ் உறுப்பினரே பிற்காலத்தில் ஆய்வு நடக்க வேண்டும் என்று எழுதினார். 2020 நிதியாண்டுக்குத்தான் மறுபடி இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள். துப்பாக்கி வன்முறையைச் சுகாதாரப் பிரச்சினை என்று சொன்னதற்காகவே, இந்திய வம்சாவளி மருத்துவர் விவேக் மூர்த்தியைத் தலைமை மருத்துவ அதிகாரியாக்கக் கூடாது என்று 2014-இல் உரிமைத் தரப்பின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் எதிர்த்தது. பதவிக்கு வந்த அவர், பத்தாண்டு கழித்து 2024-இல் அதைப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்.

மக்கள் கேட்டும் ஏன் சட்டம் நகரவில்லை?

எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்பதைக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையோர் ஆதரிக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் பெரும்பான்மையோர் கருத்து அதுதான். பிறகு ஏன் முட்டுக்கட்டை?

முதல் காரணம் செனட். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்கிற்கும் இரண்டு செனட்டர். ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் உள்ள கலிஃபோர்னியாவிற்கும் இரண்டு செனட்டர். துப்பாக்கி அதிகமுள்ள கிராமப்புற மாநிலங்களுக்கு அங்கே எடை கூடுதல். அதோடு பெரும்பாலான மசோதாக்களுக்கு 100-இல் 60 பேர் ஒத்துவர வேண்டும்.

இரண்டாவது காரணம் அமைப்பு பலம். தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1871-இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கியது. 1977-இல் சின்சினாட்டி மாநாட்டில் கடும்போக்காளர்கள் தலைமையைக் கைப்பற்றியபின் அது அரசியல் படையாக மாறியது. அதன் பணத்தைவிட அதன் வாக்காளர்கள் முக்கியம். கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களுக்கு அது பத்துக் கவலைகளில் ஒன்று. எதிர்ப்பவர்களில் பலர் அந்த ஒன்றுக்காகவே வாக்களிப்பவர்கள்.

மூன்றாவது, நம்பிக்கையின்மை. இன்று சோதனை என்பார்கள், நாளை பதிவேடு என்பார்கள், மறுநாள் வீடு தேடி வந்து பறிப்பார்கள் என்பது உரிமைத் தரப்பின் ஆழ்ந்த அச்சம். எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்க வேண்டும் என்று எதிர்த்தரப்பில் யாராவது பேசும்போதெல்லாம் அந்த அச்சம் இன்னும் இறுகுகிறது.

எங்கே வழி இருக்கிறது?

வீட்டில் குழந்தைக்கு எட்டும்படி துப்பாக்கி வைத்தால் உடைமையாளர் பொறுப்பு என்று சொல்லும் சட்டங்கள் இளையோரின் துப்பாக்கிச் சாவுகளைக் குறைக்கின்றன. இந்தத் துறையின் ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சலித்த ராண்ட் நிறுவனம், மிக வலுவான சான்று உள்ளவற்றில் இதையும் வைக்கிறது. பள்ளியில் சுடும் சிறுவர்கள் பெரும்பாலும் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான் துப்பாக்கியை எடுத்து வருகிறார்கள். மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் 2021-இல் நான்கு மாணவர்களைக் கொன்ற சிறுவனின் தாயும் தந்தையும் 2024-இல் சிறைத்தண்டனை பெற்றார்கள். பிள்ளை செய்த பள்ளிப் படுகொலைக்காகப் பெற்றோர் குற்றவாளிகளானது அதுவே முதல்முறை.

அடுத்தது 'சிவப்புக் கொடி' சட்டம். ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று குடும்பத்தாரோ போலீஸோ நீதிபதியிடம் காட்டினால், சில காலத்துக்குத் துப்பாக்கியை எடுத்துவைக்கலாம். சிறு மாநிலமான கனெக்டிகட் 1999-இல் தொடங்கிய இந்த முறை இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. ஃபுளோரிடாவில் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த மறுமாதமே, 2018 மார்ச்சில், இதில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட். துப்பாக்கிப் பிரியர்கள் நிறைந்த மாநிலத்திலும் இது முடியும் என்பதற்கு அதுவே ஆதாரம். குற்றம் நிரூபணமாகாமலே பறிப்பதா என்ற எதிர்ப்பு நியாயமான எதிர்ப்பு. அதனால் விரைவான விசாரணையும், வழக்கறிஞர் வைத்து வாதாட வாய்ப்பும், திரும்பப் பெறும் நடைமுறையும் அந்தச் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

ஆபத்தானவர் என்று நீதிபதி முடிவுசெய்தவரைத் தவிர, இவையெல்லாம் யாருடைய ரைபிளையும் பறிக்காதவை. ஹெல்லர் தீர்ப்பு திறந்துவைத்த இடத்திலும் ரஹீமி தீர்ப்பு உறுதிசெய்த இடத்திலும் நிற்கக்கூடியவை. ஏஆர்-15 தடையைப் பற்றிய வாதம் நடக்கட்டும். அது தேவையான வாதம். ஆனால் அது முடியும்வரை, பூட்டு, சிவப்புக் கொடி, பின்னணிச் சோதனை, வாங்கும்போது சில நாள் காத்திருப்பு போன்ற சாதாரண விதிகள் காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சாவுகள் நடக்கும் இடத்தில் இவைதான் வேலை செய்கின்றன.

அங்கே வாழும் நம்மவர்களுக்கு

எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூடச் சிக்கலாகலாம். போவதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். வாங்கினால் குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் தனியாகவும் தோட்டாவைத் தனியாகவும் பூட்டிவையுங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் அதை வீட்டைவிட்டே அகற்றிவையுங்கள். 988 என்ற எண்ணை அழைத்தாலோ குறுஞ்செய்தி அனுப்பினாலோ எந்நேரமும் உதவி கிடைக்கும்.

குழந்தை வேறு வீட்டுக்கு விளையாடப் போகும்போது, "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். அங்குள்ள குழந்தைநல மருத்துவர்களே பெற்றோரிடம் இப்படிக் கேட்கச் சொல்கிறார்கள். நாய் இருக்கிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் இதுவும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குடியுரிமை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டு, காத்திருப்பு, சிவப்புக் கொடி ஆகிய எல்லாமே பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றத்தில் முடிவாகின்றன. உங்கள் தொகுதி உறுப்பினர் இவற்றில் எப்படி வாக்களித்தார் என்பது பொதுப் பதிவில் இருக்கிறது. அதிபர் தேர்தலுக்குக் காட்டும் அக்கறையை அந்தத் தேர்தலுக்கும் காட்டுங்கள்.